காட்டுத் திராட்சையும் வேலிப் பிரண்டையும்

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அரிசோனாவில் ஓடைக்கரை மரத்தில் ஏறிக் கிடக்கும் அந்தக் கொடி காட்டுத் திராட்சையேதான். வைட்டிஸ் அரிசோனிகா என்பார்கள். வறண்ட சீமைக் கொடி என்றாலும் அடியில் ஈரம் உள்ள ஓடை ஓரமாகப் பார்த்துத்தான் நிற்கும். பழம் சின்னது, கொட்டை பெரிது, ஒன்றுக்கும் ஆகாது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில்தான் உன்னோடு எனக்கு வழக்கு.

கலிபோர்னியாவில் பியர்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. சைலெல்லா என்ற பாக்டீரியா கொடியின் நீர்க்குழாய்களில் புகுந்து அடைத்துவிடும். எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் இலை ஓரம் கருகி, கொடி செத்துப்போகும். பரப்புவது தத்துப்பூச்சி, நம் நெல்லுக்குத் துங்ரோ நோயைக் கொண்டுவருகிறதே பச்சைத் தத்துப்பூச்சி, அதே குடும்பம். 1880களில் அனாஹைம் பக்கம் இருந்த திராட்சைத் தோட்டங்களையே இந்த நோய் அழித்துவிட்டது. வந்த கொடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வாக்கர் என்பவர் வடக்கு மெக்சிகோவிலிருந்து வந்த, அரிசோனிகா வழிக் காட்டுக்கொடி ஒன்றை எடுத்துத் தோட்டத் திராட்சையோடு இனக்கலப்பு செய்தார். பிறந்ததை மறுபடி தோட்டத் திராட்சையோடு, மறுபடியும் அப்படியே. 2019 கடைசியில் ஐந்து ரகங்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் 94 முதல் 97 சதவீதம் வரை தோட்டத் திராட்சைதான். நோயைத் தாங்குவது மிச்சமுள்ள அந்தக் கொஞ்சம் காட்டு ரத்தம். இப்போது சொல், ஒன்றுக்கும் ஆகாததா?

நம்மூரிலும் திராட்சைக் குடும்பத்துக்காரன் ஒருவன் வேலியில் கிடக்கிறான். பிரண்டைதான். அதுவும் வறண்ட நிலத்துப் பிள்ளை. கோடியக்கரைக் காட்டில் மணலில் முள்மரங்கள் மேல் படர்ந்து கிடக்கும். டெல்டாவில் தண்ணீர் தேங்காத திடலும் படுகையும் வேலியும்தான் அதற்கு இடம். வெயில் காய்ந்தால் இலையை உதிர்த்துவிட்டு அந்த நாலுபட்டைத் தண்டை வைத்தே காலம் தள்ளும். இரவில் தண்டின் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும். பகலில் மூடிக்கொண்டு, உள்ளே இருப்பதை வைத்துச் சமைக்கும். அதனால் ஈரம் வெளியே போவது குறைவு. இலைக்கு இந்த வித்தை கிடையாது, தண்டுக்கு மட்டும்தான்.

உங்கள் அம்மா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அரிப்புக்குக் காரணம் தண்டில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி கூட்டி அரைத்தால் நாக்கில் அரிக்காது. அருந்ததி விசுவாமித்திரருக்குத் திவச விருந்து படைத்த கதையில் பாகற்காய் நூறு கறிக்கும், பிரண்டை முந்நூறுக்கும், பலா அறுநூறுக்கும் சமம் என்று கணக்கு வரும். தஞ்சாவூர்ப் பக்கத்துத் திவச இலையில் இன்றைக்கும் பிரண்டைத் துவையல் தவறுவதில்லை. அப்புறம், அப்பள மாவை அதன் சாறு விட்டுப் பிசைகிற வீடுகளும் இருக்கின்றன.

இதெல்லாம் எழுதக் காரணம் உண்டு. எங்கள் வாய்க்கால் கரையில் சிமெண்டுச் சுவர் எழுப்பியபோது பிரண்டைப் புதரை முழுசாக வழித்துவிட்டார்கள். தப்பித்த வேலிகளில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கேட்டால், சந்தையில் கட்டு கட்டாகக் கிடைக்கிறதே என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. சந்தைக்கு வருவது எங்கேயிருந்து? பெரும்பாலும் யாரும் நடாமல் தானாக வளர்ந்த கரைகளிலிருந்துதானே. ஒவ்வொரு ஊர்க் கொடியும் கொஞ்சம் வேறாக இருக்கும், எது எதற்கு உதவும் என்று யாரும் முழுசாகப் பார்த்து வைக்கவில்லை. பார்ப்பதற்குள் போய்விடக் கூடாது. வழித்துப் போட்ட குவியலிலிருந்து கணுவோடு துண்டுகள் பொறுக்கி வந்து திடலில் ஊன்றினேன், பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தெருப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

அரிசோனாக் கொடியில் ஒரு குச்சி அனுப்பட்டுமா என்று கேட்டாய். வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே. 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு ஒட்டிக்கொண்டு போன வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைப் பாழாக்கியது. இங்கே கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. கொடி அங்கேயே இருக்கட்டும்; ஓடையைத் திருத்துகிறோம் என்று யாராவது வெட்ட வந்தால் நீ ஒரு வார்த்தை சொல்.

தை மாதம் அறுப்பு நேரத்தில் வருவதாகச் சொன்னாய். தேதி தெரிந்ததும் எழுது. துவையலுக்குக் கொழுந்து பறிக்காமல் விட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ராமு