பிளாக் பெல்ட் வாங்கியாச்சு, இனி எதுக்கு?

மதுரை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் பாதிச் சத்தம் குறைந்துபோச்சு. மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான்.

உன் பையன், அதாவது என் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். “பிளாக் பெல்ட் வாங்கியாச்சு, இனி கராத்தே கிளாஸுக்கு எதுக்கு?” என்று கேட்டானாம். அதற்கு நீ நாலு பக்கம் கொதித்திருக்கிறாய். எனக்கென்னவோ பையன் நியாயமாகத்தான் கேட்கிறான் என்று படுகிறது. மஞ்சள், பச்சை, பிரௌன் என்று ஒவ்வொரு கிரேடிங்குக்கும் பணம் கட்டியது நீ. சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியதும் நீ. அவனுக்கு இது பிளஸ் டூ மாதிரி. பாஸ் ஆனவன் மறுபடி அதே பள்ளிக்கூடத்துக்கு எதற்குப் போவான்?

சொல்லப்போனால் இந்தப் பெல்ட் ஏற்பாட்டைச் செய்தவரும் ஒரு வாத்தியார்தான். ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ. 1882-இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்து ஆரம்பித்த பள்ளி அது. பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கே தலைமை தாங்கினார். கானோவுக்கு முன்பு, ஜூடோவுக்கு மூலமான ஜுஜுட்சுப் பள்ளிகளில் பெல்ட் கிடையாது. வருடக்கணக்கில் கிடந்து, ஆசிரியர் மனம் வைத்தால் ஒரு காகிதச் சுருள் கிடைக்கும். கானோ ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் இருந்த டான் என்ற படிநிலை வரிசையை எடுத்துக்கொண்டு 1883-இல் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். கருப்பு பெல்ட் அதற்கும் சில வருடம் கழித்துத்தான். கலர் கலராகப் பெல்ட் கட்டுவது பரவியது ஐரோப்பாவில். ஆக, பையன்களை வகுப்பில் உட்காரவைக்க ஒரு வாத்தியார் செய்த யுக்தி இது. மருமகனையும் இத்தனை வருடம் உட்காரவைத்ததே! பெல்ட்டைத் திட்டாதே. அதன் வேலையை அது செய்துவிட்டது.

கராத்தே பிறந்த ஒக்கினாவா தீவில் அதைப் பழகியவர்களுக்கு யூனிஃபார்மே இல்லை. வீட்டு முற்றத்தில் உடுத்திய துணியோடு பழகினார்கள். ஃபுனாகோஷி என்ற ஆசிரியர் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோனது 1922-இல். இரண்டே வருடத்தில் ஜூடோவைப் பார்த்து அவரும் கருப்பு பெல்ட் கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் நாம் பழகிய கோஜு-ரியு கராத்தேப் பிரிவைத் தொடங்கிய மியாகி சோஜுன் கடைசிவரை எந்த மாணவருக்கும் டான் கொடுக்கவில்லை. அவர் 1953-இல் காலமான பிறகுதான் சீடர்கள் ஆளுக்கொரு டான் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லி எட்டாவது டான், ஒன்பதாவது டான் என்று விசிட்டிங் கார்டில் அடிக்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நீ கேட்டாயே, நான் இப்போது என்ன செய்கிறேன் என்று. சான்சின் என்ற அந்த மூச்சுப் பயிற்சி வரிசை மட்டும். காலையில் மொட்டை மாடியில், பனியனோடு. ஞாபகம் இருக்கிறதா, மாஸ்டர் அதைச் சொல்லிக்கொடுத்தபோது நமக்குக் கொட்டாவி வந்தது. ஓடு உடைக்க வேண்டும், ஆண்டு விழாவில் வயிற்றில் பைக் ஏற்ற வேண்டும். நம் கராத்தே அதோடு சரி. மூன்றடி முன்னே வைத்து நின்ற இடத்தில் மூச்சு விடுவது யாருக்கு வேண்டும்?

இப்போது அந்த மூன்றடியே எனக்குப் போதவில்லை. பின்கால் பெருவிரலும் முன்கால் குதிகாலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முன்பாதம் லேசாக உள்ளே திரும்பி, விரல்கள் தரையைக் கவ்வ வேண்டும். இரண்டு முழங்கையும் விலாவிலிருந்து ஒரு முஷ்டி தூரம். ஒரு கையைப் பின்னால் இழுத்து மெதுவாகக் குத்து விடும்போது என் வலது தோள் காதைப் பார்த்து ஏறுகிறது. பிளாக் பெல்ட் டெஸ்டில் அதை யாரும் சொல்லவில்லை. சின்னவளை ஒருநாள் பின்னால் நிற்கவைத்துத் தோளில் தட்டச் சொன்னபோதுதான் பிடிபட்டது. தட்டின தட்டில் அடுத்த குத்துக்குத் தோள் இறங்கியே இருந்தது. அதற்கடுத்த குத்துக்கு மறுபடி ஏறிவிட்டது. இதோடு மல்லுக்கட்டுவதுதான் இப்போது என் பயிற்சி. யாரும் பார்ப்பதில்லை, மார்க் போடுவதில்லை. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது மாப்ளே, எழுதினால் உனக்குப் புரியுமா தெரியவில்லை.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. சான்சினில் மூச்சை அடக்கி உடம்பை முறுக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். நான் மாத்திரை சாப்பிடுகிறவன், அதனால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். சத்தம் போட்டு இறுக்குவதெல்லாம் இல்லை, மூச்சை விட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் தெருக்கோடி மைதானத்தில் ஓர் ஆசான் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறார். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குக் கம்பையே கொடுக்கமாட்டார், காலடி மட்டும். “கம்பு எப்ப ஆசானே?” என்று ஒரு பயல் தினமும் நச்சரிப்பான். “கால் சொல்லும்” என்பார், அவ்வளவுதான். பெல்ட்டும் இல்லை, கலரும் இல்லை. ஆனால் அங்கேயும் இப்போது சர்டிபிகேட் பேச்சு வந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்களே, அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டம் அதிகம். ஆசான் முகம் சுளிப்பதில்லை. “காகிதத்துக்கு வர்றவன்ல நாலு பேர் கம்புக்காக நிப்பான்” என்கிறார். நாலு பேர் என்பது அவருக்குப் பெரிய கணக்கு.

அதனால் மருமகனை விட்டுவிடு. கிரிக்கெட் ஆடுகிறான் என்றால் ஆடட்டும். மே மாதம் லீவில் இங்கே அனுப்பு. நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. எனக்குத் தோளில் தட்ட ஓர் ஆள் வேண்டும், சின்னவள் சலித்துக்கொள்கிறாள். அவனுக்குத் தோன்றினால் பக்கத்தில் நிற்கட்டும், இல்லாவிட்டால் ஆசான் மைதானத்துக்குப் போகட்டும். நீயும் கூட வா. சான்சினில் தாழ உட்காரும் நிலை கிடையாது, உன் முட்டி தாங்கும். வைகையில் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடு, லீவில் கிடைக்காது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே