தமிழ்த் தொடருக்குக் கீழே இரண்டு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பகல்நேர நெடுந்தொடர்களைப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைப்பேசி, இணையம், பெண்கள் வேலைக்குப் போவது என்று அதில் சொல்லியிருந்த காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வாழும் எங்களுக்கு இன்னொரு காரணம் கண்ணெதிரே தெரிகிறது. தமிழ்த் தொடர்களுக்குக் கீழே ஆங்கில சப்டைட்டில், அதாவது வசனத்தின் மொழிபெயர்ப்பு எழுத்தாக, வராததால் தமிழ் சரியாகப் புரியாத பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் எழுதுகிறேன்.

நெடுந்தொடரை யாரும் தானாகப் பார்க்கத் தொடங்குவதில்லை. பாட்டி பார்ப்பாள். மகள் பக்கத்தில் வந்து உட்காருவாள். பேத்தி பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். கொஞ்ச நாளில் யாருக்கு யார் என்ன உறவு என்பது அவளுக்கும் அத்துப்படி ஆகிவிடும். அமெரிக்காவின் 'கைடிங் லைட்' 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. ஒரு கதை 72 ஆண்டுகள் ஓடியது என்றால், வீட்டுக்குள் வாழையடி வாழையாகப் பார்வையாளர்கள் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம். அப்படி வருவது நின்றதும் தொடர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 2010-இல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்', 2011-இல் 'ஆல் மை சில்ட்ரன்', 2012 ஜனவரியில் 'ஒன் லைஃப் டு லிவ்'. 1965 முதல் என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022-இல் பீகாக் என்ற இணையச் சேவைக்கு மாற்றப்பட்டது.

இந்தக் கடைசித் தொடரை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே எஸ்ஏபிசி 3 என்ற தொலைக்காட்சிச் சேனலில் வந்தபோது, டர்பனில் நாங்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்துக்குள் அடுப்படி வேலை முடிந்திருக்கும். போன் அடித்தாலும் எடுக்க மாட்டார்கள்.

எங்கள் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். பிந்தி வந்தாலும், இந்த நாட்டுத் தொடர்கள் ஒரு நல்ல காரியம் செய்தன. பல மொழி பேசும் நாடு என்பதால், பாத்திரங்களைத் தத்தம் மொழியிலேயே பேசவிட்டுக் கீழே ஆங்கில சப்டைட்டில் போட்டார்கள். '7டே லான்' ஆப்பிரிக்கான்ஸ் மொழித் தொடர். 2000 முதல் 2023 வரை ஓடியது. ஆப்பிரிக்கான்ஸில் ஒரு வாக்கியம் சரியாகப் பேச வராத எங்கள் தமிழ்ப் பெண்கள் அதை விடாமல் பார்த்தார்கள். வெண்டா மொழி பேசுகிறவர்கள் இந்நாட்டில் சிறு தொகையினர். ஆனாலும் அந்த மொழியை மையமாக வைத்து வந்த 'முவாங்கோ' நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் ஃபீனிக்ஸுக்கு அடுத்தாற்போல் இருக்கும் குவாமாஷுவைக் களமாகக் கொண்டு 2015-இல் தொடங்கிய 'உசாலோ' ஜூலு மொழித் தொடர். அதை எங்கள் பிள்ளைகளும் பார்த்தார்கள். கீழே ஓடிய அந்த இரண்டு வரி ஒரு வீட்டின் பேச்சைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

சப்டைட்டில் போட்டால் தொடர் சாகாது என்று நான் சொல்ல வரவில்லை. '7டே லான்'கூட நின்றுதான் போனது. இந்த நாட்டின் வேறு தொடர்களான 'எகோலி' 2010-இலும் 'இசிடிங்கோ' 2020-இலும் 'ரிதம் சிட்டி' 2021-இலும் முடிந்தன. ஆனால் மொழி புரியவில்லை என்று எழுந்து போகிறவரையாவது சப்டைட்டில் உட்காரவைக்கும். தமிழ்த் தொடர்கள் இங்கே இழந்துகொண்டிருப்பது அவர்களைத்தான்.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தமிழ்தான் அவர் மொழி. சென்னையில் இரவு எட்டு மணி என்றால் எங்களுக்கு மாலை நாலரை. அதனால் அங்கே ராத்திரித் தொடராக ஓடுவதை, நேரலையாகப் பார்த்தால், நாங்கள் வெயில் தாழும் முன்பே பார்த்துவிடுவோம். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேநீரும் பக்கோடா போன்ற சில்லி பைட்ஸுமாக ஆயா பக்கத்தில் உட்காரும் நேரமும் அதுதான். திரையில் மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ சொல்வாள். கதவுக்குப் பின்னால் மருமகள் நிற்பாள். "இப்ப என்ன சொன்னா, ஆயா?" என்று பிள்ளை கேட்கும். அம்மா பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக, "அந்தச் சாவிய இவ எடுக்கலயாம், கண்ணு..." என்று ஆரம்பிப்பார். அதற்குள் திரையில் நாலு வசனம் ஓடிப்போயிருக்கும். "இரு இரு, பேசாதே" என்று அம்மா திரும்பிக்கொள்வார். கேட்டவளுக்கும் புரியவில்லை, சொன்னவருக்கும் கதை விட்டுப்போனது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளை கைப்பேசியை எடுத்துக்கொள்வாள். அவளுக்குக் கதை பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாவியை எடுத்தது யார் என்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்கிறாள்.

இந்த இடைவெளியை இந்தித் தொடர்கள் புரிந்துகொண்டன. 2015-இல் ஜீ வேர்ல்ட் என்ற சேனல் இந்தித் தொடர்களை ஆங்கிலத்தில் குரல்மாற்றி இங்கே ஒளிபரப்பத் தொடங்கியது. இன்று ஜூலு பேசும் பெண்கள்கூட அந்தக் கதைகளில் வரும் மருமகள்களின் பெயரைச் சொல்கிறார்கள். துருக்கித் தொடர்களோ ஆப்பிரிக்கான்ஸ் குரலில் வருகின்றன. எங்கள் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புரிகிற கதையைத்தான் யாரும் பார்ப்பார்கள்.

தமிழ்த் தொடர்களையும் அப்படியே ஆங்கிலத்தில் குரல்மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கலாம்தான். நான் கேட்க மாட்டேன். 1860-இல் எங்கள் முன்னோர் சென்னையில் கப்பலேறி இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் காதில் தமிழ் விழுவது கோயிலில், கல்யாணத்தில், வார இறுதித் தமிழ் வகுப்பில். அங்கெல்லாம் விழுவது பெரும்பாலும் தேவாரம், மந்திரம், பாடம். கோபப்படுவதும் கெஞ்சுவதும் கொஞ்சுவதும் கணக்குக் கேட்பதும் தமிழில் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் தினமும் கேட்க முடிவது தொடரில் மட்டும்தான். அந்தக் குரலையும் எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைத்தால் அம்மாவும் பார்க்க மாட்டார், பிள்ளைக்கும் தமிழ் கிடைக்காது. குரல் தமிழாகவே இருக்கட்டும். எழுத்து மட்டும் கீழே வரட்டும்.

சில செயலிகளில் சில தொடர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் இருப்பது எனக்குத் தெரியும். அது எல்லாத் தொடருக்கும் வரவேண்டும், தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் வரவேண்டும். எண்பது வயதுக்காரர் செயலியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, எங்கே அமுக்கினால் எழுத்து வரும் என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். இயந்திரம் தானாகப் போடும் மொழிபெயர்ப்பும் உதவாது. பேச்சுத் தமிழ் அதற்குப் பிடிபடாமல் சம்பந்தமே இல்லாத வரியைப் போடுகிறது. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு மனிதர் உட்கார்ந்து எழுத வேண்டிய வேலை இது.

தினசரித் தொடர் அவசரத்தில் தயாராவது என்பதும் புரிகிறது. அன்றன்று எடுத்து அனுப்புகிறவர்களிடம் சப்டைட்டிலும் கேட்டால் எங்கே நேரம் என்பார்கள். வெளிநாட்டு ஒளிபரப்புக்கு மட்டும் ஒரு நாள் பிந்தி வரட்டுமே! இங்கே அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். மொரிஷியஸிலும் ரீயூனியனிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களும் இதே கதையைச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு பிரெஞ்சு வேண்டியிருக்கும்.

தங்கள் வாசகர்களில் சின்னத்திரையில் வசனம் எழுதுகிறவர்களும் தயாரிப்பில் இருப்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் இதைக் கொண்டுசேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எடுத்த எடுப்பில் எல்லாத் தொடருக்கும் போட வேண்டாம். மாலை நாலரைக்கு எங்களுக்கு வரும் ஒரே ஒரு தொடருக்கு ஆறு மாதம் போட்டுப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் பார்ப்பவர்கள் கூடுகிறார்களா இல்லையா என்று நீங்களே கணக்கெடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்