ராலியில் ரசிகர் நிற்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் ராலி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும் அதற்கு அடுத்த இதழில் வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஒருவர், 1980களின் 'குரூப் பி' என்ற அதிவேகப் பிரிவுக் கார்கள் ஓடியதுதான் உண்மையான ராலி, பாதுகாப்பு விதிகள் வந்தபிறகு விளையாட்டே செத்துவிட்டது என்கிறார். இன்னொருவர், கார் கம்பெனிகள் விளம்பரத்துக்காக ஆட்களைச் சாகவிட்டன, ராலியையே தடை செய்ய வேண்டும் என்கிறார். இருவருமே சாட்சிக்கு அழைப்பது 1986-ஐத்தான். அந்த ஆண்டில் நடந்த இரண்டு விபத்துகளையும் தனித்தனியாகப் பார்த்தால் இருவர் வாதமும் நிற்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விபத்து போர்ச்சுகலில், மார்ச் 5 அன்று. லிஸ்பன் பக்கம் சிந்த்ரா மலைச்சாலையில் தொடக்க ஸ்டேஜ் (சாலையை மூடி, நேரம் கணக்கிட்டு ஒவ்வொரு காராக ஓடவிடும் பகுதி). சாலையோரத்தில் கூட்டம் என்று சொன்னால் போதாது, சாலையிலேயே கூட்டம். கார் நெருங்கும்வரை நடுரோட்டில் நின்றுவிட்டுக் கடைசி நொடியில் விலகுவது அங்கே வீரமாக இருந்தது. ஓடுகிற காரைக் கையால் தொடுவதும் உண்டு. உள்ளூர் டிரைவர் ஜொவாகிம் சாந்தோஸ் ஓட்டிவந்த ஃபோர்டு ஆர்எஸ்200, ரோட்டில் நின்றவர்கள் மேல் ஏறாமல் விலகப் போய்க் கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கம்பெனி அணிகளின் டிரைவர்கள் எஸ்டோரிலில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசி, இந்தப் போட்டியில் இனி ஓட்ட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அப்படியும் போட்டி நிற்கவில்லை. மீதியிருந்தவர்களை வைத்து நடத்தி முடித்தார்கள்.

இரண்டாவது விபத்து மே 2 அன்று, கோர்சிகா தீவில். முன்னணியில் இருந்த பின்லாந்து வீரர் ஹென்றி டோய்வோனெனும் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்லும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் சென்ற லான்சியா டெல்டா எஸ்4, ஒரு இடது வளைவில் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருவரும் பிழைக்கவில்லை. டோய்வோனெனுக்கு அப்போது 29 வயது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, அதே மே 2-இல், அதே கோர்சிகாவில், அதே லான்சியா அணியின் அத்திலியோ பெட்டேகா மரத்தில் மோதி இறந்திருந்தார். டோய்வோனெனின் கார் ஏன் தடம் மாறியது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அருகில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. ஆனால் விழுந்த கார் அவ்வளவு சீக்கிரம் ஏன் எரிந்தது என்பது தெரியும். பெட்ரோல் டேங்க் இருந்தது இருக்கைகளுக்கு அடியில். எடையைக் குறைப்பதற்காக உடல்பகுதியை இரும்புத் தகட்டுக்குப் பதில் சுலபமாகத் தீப்பிடிக்கும் கலப்புப் பொருளில் செய்திருந்தார்கள்.

முதல் விபத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. இரண்டாவதில் காரின் கட்டமைப்பில் பிழை. இரண்டையும் சேர்த்து 'அதிக குதிரைத்திறன்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயரைத்தான் ஒரு நண்பர் கொண்டாடுகிறார், இன்னொருவர் சபிக்கிறார்.

கம்பெனிகள் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெறும் 200 கார் தயாரித்தால் போதும், குரூப் பி-யில் இறங்கலாம் என்று விதி இருந்தது. அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு, சாதாரணக் காரின் முகத்தை மட்டும் மாட்டி, உள்ளே முழுக்கப் பந்தய இயந்திரம் கட்டினார்கள். எஸ்4-இன் 1.8 லிட்டர் இன்ஜினுக்குச் சக்தியைக் கூட்ட சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்த்தே பொருத்தியிருந்தார்கள். விதியை எழுதிய சர்வதேச அமைப்பும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கோர்சிகா விபத்து நடந்ததும் அதன் தலைவர் பலெஸ்தர், 1987 முதல் குரூப் பி கிடையாது என்று அறிவித்தார். பெஜோ கம்பெனி அதை எதிர்த்து வழக்குப் போட்டது. அப்போது அந்த அணியை நடத்திய ழான் டோட்தான் பின்னாளில், 2009-இல், சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் தலைவரானார்; சாலைப் பாதுகாப்புக்கான ஐ.நா. தூதராகவும் இருந்தார். மனிதர்கள் மாறுகிறார்கள், அணிகளும் மாறுகின்றன. ரசிகர்களாகிய நாம்தான் நாற்பது வருடமாக அதே வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, தடைக்குப் பிறகு விளையாட்டு செத்ததா? அடுத்து வந்தது குரூப் ஏ. தொடக்கத்தில் 5,000 கார் தயாரிக்க வேண்டும் என்று விதி. லான்சியா டெல்டாவும் சுபாரு இம்ப்ரெசாவும் மிட்சுபிஷி லான்சரும் வந்த காலம் அது. லான்சியா 1987 முதல் 1992 வரை ஆறு முறை தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டம் வென்றது. டோம்மி மேக்கினென் மிட்சுபிஷியில் 1996 முதல் நான்கு முறை உலக சாம்பியன். அந்த லான்சரின் சாதா வடிவம் நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்துதான் வெளிவந்தது. டிவியில் மேக்கினென் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அதே சாயலில் ஒரு வெள்ளை லான்சர் நிற்பதைப் பார்த்தவர்கள் எங்கள் தலைமுறை. ராலி மேல் ஆசை வந்ததே அதனால்தான். குரூப் பி-யில் அந்த நெருக்கம் கிடையாது. ஃபோக்ஸ்வாகன் 2016-இல் விலகியபோதும் சிட்ரோயன் 2019-இல் விலகியபோதும் பாதுகாப்பு விதி காரணமாக இருக்கவில்லை. முதலாவதை டீசல் புகை மோசடி துரத்தியது. இரண்டாவது, அதன் முதன்மை டிரைவர் செபாஸ்டியன் ஓஜியே அணியை விட்டுப் போனதும் கிளம்பியது. இப்போது டொயோட்டா, ஹூண்டாய், எம்-ஸ்போர்ட் ஃபோர்டு என்று முதல் வரிசையில் அணிகள் குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் செலவு. அதனால்தான் 2027 முதல் ஒரு காரின் விலைக்கு 3,45,000 யூரோ என்று உச்சவரம்பு வைக்கிறார்கள்.

காருக்குள் இருப்பவர்களைக் காப்பாற்றுவதில் உண்மையான முன்னேற்றம் வந்திருக்கிறது. 2005 செப்டம்பரில் வேல்ஸில் மார்க்கோ மார்ட்டினின் பெஜோ மரத்தில் பக்கவாட்டில் மோதி, கோ-டிரைவர் மைக்கேல் பார்க் இறந்தார். அந்தச் சூழலில் பட்டம் வேண்டாம் என்று முன்னணி டிரைவர் செபாஸ்டியன் லோப் வேண்டுமென்றே நேர அபராதம் வாங்கிக்கொண்டு, அன்று கைக்கு வந்த உலகப் பட்டத்தைத் தள்ளிப்போட்டார். ராலிக்காரர்களின் மனசு எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகு கதவுகளில் தடிமனான நுரைப்பொருள் வந்தது, இருக்கைகள் உள்ளே தள்ளி வைக்கப்பட்டன. 2020 மான்டி கார்லோ ராலியில் டிரைவர் ஓட் டானக்கின் ஹூண்டாய் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் மலைச்சாலையிலிருந்து பறந்து உருண்டபோது அவரும் கோ-டிரைவரும் தாமாகவே இறங்கி நடந்துவந்தார்கள். அப்படியும் 2023 ஏப்ரலில் குரோஷியாவில் சோதனை ஓட்டத்தின்போது டிரைவர் கிரெய்க் பிரீனை இழந்தோம். சாலையோரக் கம்பம் ஒன்று காருக்குள் புகுந்துவிட்டது. கார் எவ்வளவு பலமாக இருந்தாலும் சாலையோரம் என்று ஒன்று இருக்கிறது.

அந்தச் சாலையோரத்தில் நிற்பது நாம். 2014-இல் ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க் ராலியில் பார்வையாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள். 2015-இல் ஸ்பெயினின் ஆ கொருன்யாவில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு உயிர்கள் போயின. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் பகுதியில், ஓடிக்கொண்டிருந்த ஸ்டேஜுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்ட ஒரே குடும்பத்தினர் மூவர் இறந்தார்கள். 2024 ஏப்ரலில் இலங்கையின் தியத்தலாவையில் நடந்தது ராலி இல்லை, சுற்றுப்பாதைப் பந்தயம். ஆனால் அங்கேயும் தடம் விலகிய கார் ஓரத்தில் நின்ற ஏழு பேரின் உயிரை எடுத்தது, அதில் ஒரு குழந்தையும் உண்டு. இவற்றில் ஒன்றிலாவது குரூப் பி கார் இருந்ததா? உலக ராலிக்காரர்களுக்கு இது புரிந்திருக்கிறது. பார்வையாளர் பாதுகாப்பு சரியில்லை என்பதற்காகவே போலந்து ராலியை 2018 அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் பல்லடம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே நடந்த ஒரு ராலியில் நான் வழியையும் கூட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் தன்னார்வ மார்ஷலாக நின்றேன். கையில் ஒரு விசில், ஒரு கொடி, ஒரு ரோல் பிளாஸ்டிக் டேப். எனக்குத் தந்தது ஒரு இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதை) வந்து ஸ்டேஜில் சேரும் இடம். இரண்டு கார் போய் முடித்த நேரம், ஒரு பெரியவர் மொபெட்டில் வந்தார். முன்னால் புல்லுக்கட்டு, பின்னால் பேத்தி. "ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க, கார் வருதுங்க" என்றேன். "எங்க காடு அந்தப் பக்கம் இருக்குது தம்பி. ரோட்ட அடைக்கறதா யாரும் ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஊரில் நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும், தண்டோரா போட்டிருக்க வேண்டும். எதுவும் செய்யவில்லை என்று அப்புறம் தெரிந்தது. மொபெட்டின் ஹேண்டிலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வினாடி கூட இருக்காது, மூன்றாவது கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தப் புழுதி அடங்கும்வரை அடுத்த கார் எங்கே இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. குழந்தை என் சட்டையைப் பிடித்திருந்தது.

அன்று முழுக்க இன்னொரு போராட்டம், வளைவின் வெளிப்பக்கம் செல்போனோடு நின்ற இளைஞர்களை உள்பக்கம் மேட்டுக்கு அனுப்புவது. பிடி விட்டுப்போன கார் வெளிப்பக்கம்தான் போகும். டிரைவர் நம்பி ஓட்டுவது கோ-டிரைவர் படிக்கும் பேஸ் நோட்டை. அதில் மேடு இருக்கும், பாலம் இருக்கும், வளைவு எவ்வளவு இறுக்கம் என்பது இருக்கும். அந்தத் திருப்பத்தில் நான்கு பேர் குனிந்து வீடியோ எடுக்கிறார்கள் என்பது அதில் இருக்காது.

கடிதம் எழுதிய இரண்டு நண்பர்களையும் அடுத்த ராலிக்கு மார்ஷலாக வரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆள் எப்போதும் பற்றாக்குறைதான். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: நம் பக்கம் ராலி நடக்கும்போது எந்தெந்த ஊர்ப் பாதைகள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மூடப்படும் என்ற விவரத்தை அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கி, ஒரு வாரம் முன்னதாகவே வெளியிடுங்கள். எந்த வளைவில் எந்தப் பக்கம் நிற்கலாம் என்று ஒரு படமும் போடுங்கள். வரைந்து தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு ராலி ரசிகர்,
பல்லடம்