அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சாண்ட்லரில் இருக்கும் மகளுக்கு, பாம்பு வளர்ப்பது பற்றி

அன்பு மகள் யாழினிக்கு,

உன் வீட்டின் பின்சுவர் ஓரம் வந்துபோகும், வாலை ஆட்டிச் சத்தமிடும் கிலுகிலுப்பை விரியனை (ராட்டில்ஸ்நேக்) பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பா வழக்கம்போல ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த வரியை இங்கே எழுத வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து, வயல் வரப்பிலிருந்தும் வைக்கோற்போர் அடியிலிருந்தும் தூக்கி வரப்பட்ட எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். அப்படியிருந்தும் பாம்பின் மேல் எனக்கு வெறுப்பு வந்ததில்லை. ஆகவே உனக்கு அதன் மேல் வந்திருக்கும் ஈடுபாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அரிசோனாவில் சட்டம் இதைத் தடுக்கவில்லை என்று நீ எழுதியிருந்தது சரிதான். இங்கே இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு நல்ல பாம்பை வீட்டில் அடைத்து வைத்தாலே வழக்கு வரும். அரிசோனாவிலோ வேட்டை உரிமம் எடுத்தவர் வெஸ்டர்ன் டைமண்ட்பேக் போன்ற பரவலான கிலுகிலுப்பை விரியன் இனங்களை வரம்புக்கு உட்பட்டுப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அந்த மாநிலத்தின் அடையாள ஊர்வனமாக அறிவிக்கப்பட்டிருக்கும் ரிட்ஜ்நோஸ்டு கிலுகிலுப்பை விரியனையும் வேறு சில அரிய இனங்களையும் மட்டும் தொடக்கூடாது. ஆனால் மாநிலம் அனுமதித்ததை உன் நகராட்சியும், குடியிருப்போர் சங்கமும், வாடகை ஒப்பந்தமும் அனுமதிக்கின்றனவா என்று நீ பார்த்ததாகத் தெரியவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உன் கடிதத்தில் இல்லவே இல்லை. அடைத்து வைத்த காட்டுயிரை அனுமதியின்றித் திரும்பக் கொண்டுபோய் வெளியில் விடுவது அங்கே குற்றம். தொட்டியில் இருந்தபோது தொற்றிய நோய், விடப்பட்ட இடத்தில் இருக்கும் மற்றப் பாம்புகளுக்கும் பரவக்கூடும் என்பதால் அந்த விதி நியாயமானதும்கூட. ஆக, பிடிப்பதற்கு ஓர் உரிமம் போதும். மனம் மாறினால் திருப்பி விடுவதற்கு வழி கிடையாது.

அந்தப் பாம்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழக்கூடியது என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பார். அடுத்த இருபது ஆண்டுகள் நீ சாண்ட்லரில்தான் இருப்பாய் என்று உன்னால் சொல்ல முடியுமா? வேலை மாறலாம், விசா சிக்கலாகலாம், வேறு மாநிலத்துக்குப் போக நேரலாம். அங்கே நஞ்சுள்ள பாம்பை வைத்துக்கொள்ளவே விடமாட்டார்கள் என்றால் அதை யாரிடம் கொடுப்பாய்? பொங்கலுக்கு ஒரு மாதம் ஊருக்கு வந்தால் அண்டை வீட்டாரிடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம். விரியனின் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்ல முடியாது. அதற்கு உடம்பு சரியில்லாமல் போனால் பார்க்கச் சம்மதிக்கும் கால்நடை மருத்துவரைத் தேடுவதே பெரிய வேலையாகிவிடும்.

ஆபத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏழாயிரம் முதல் எட்டாயிரம் பேரை நஞ்சுள்ள பாம்புகள் கடிக்கின்றன, அவர்களில் இறப்பவர்கள் ஐந்து பேர் அளவுதான் என்றாய். உண்மை. 2000 முதல் 2019 வரை சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேரைப் பாம்புக்கடியால் இழந்த நாட்டில் இருந்துகொண்டு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கைத் தரும் அதே அமெரிக்க அரசு நோய்த்தடுப்பு நிறுவனம், கிலுகிலுப்பை விரியன் கடித்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பத்து நான்கு பேர் வரை நிலையான பாதிப்போடு வாழ நேர்கிறது என்றும் சொல்கிறது. விரியன் நஞ்சு தசையைத் தின்னும். உயிர் பிழைத்து, விரல் மடங்காமல் வீட்டுக்குப் போனவர்களைக் கண்ணாடி விரியன் கடியில் நானே பார்த்திருக்கிறேன். நாள் முழுதும் விசைப்பலகையில் விரல் வைத்துச் சம்பாதிக்கிற உனக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மருந்து இருக்கிறது, மறுக்கவில்லை. கிரோஃபாப் என்பது செம்மறி ஆட்டின் குருதியிலிருந்தும், அனாவிப் என்பது குதிரையின் குருதியிலிருந்தும் தயாராகின்றன. முன்னதில் தொடக்க அளவே நான்கு முதல் ஆறு குப்பிகள், பின்னதில் பத்துக் குப்பிகள்; வீக்கம் நிற்காவிட்டால் அதற்கு மேலும் போகும். நம் அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்துக்குக் காசு கேட்பதில்லை. அங்கே ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கான டாலர் கணக்கெழுதுகிறார்கள். சிகிச்சைக் கட்டணம் லட்சம் டாலரைத் தாண்டியதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. உன் காப்பீடு எவ்வளவு ஏற்கும் என்பதைக் கடிபடுவதற்கு முன்பே கேட்டு வைக்கலாம் என்று சொல்ல வந்தேன். அப்படிக் கேட்க வேண்டிய நிலை வரும் பொழுதுபோக்கு எதற்கு என்றுதான் தோன்றுகிறது. மேலும் நீ தனியாக இருக்கிறாய். கடித்த சிறிது நேரத்திலேயே மயங்கி விழுகிறவர்களும் உண்டு. உன் வீட்டில் தொலைபேசியை எடுக்க இன்னொருவர் இல்லை.

எச்சரிக்கை செய்யாமல் அது கடிக்காது என்று நீ நம்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால் நுனியிலுள்ள அந்த வளையங்கள் நம் நகம் போன்ற பொருளால் ஆனவை. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் கூடும், பழையவை உடைந்தும் விழும். ஆள் நெருங்க நெருங்கச் சத்தத்தின் வேகத்தைச் சட்டென்று கூட்டி, இருக்கும் தொலைவைவிட அருகில் இருப்பதுபோலக் கேட்பவரை நினைக்க வைக்கும் அளவுக்கு அது தேர்ந்தது என்று 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் இத்தனையும் அந்நியரைக் கண்டு அஞ்சும் காட்டுப் பாம்புக்குத்தான். தினமும் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் பாம்பு நாளடைவில் வாலை ஆட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. அதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்; உண்மையில் நடப்பது எச்சரிக்கை நின்றுபோவது மட்டும்தான், கடிக்கும் குணம் அப்படியே இருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழியால் வெப்பத்தை உணர்ந்து இரையைத் தாக்குகிற உயிர் அது. எலியை எடுத்துக் கொடுத்த கையில் எலியின் வாசனையும் இருக்கும், சூடும் இருக்கும். முதல் மாதம் நீ கொக்கி, கவசம், இரட்டைப் பூட்டு என்று எல்லாம் முறையாகச் செய்வாய்; எனக்கு அந்த மாதத்தைப் பற்றிக் கவலையில்லை. நான்காவது ஆண்டில், அலுவலகக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில், தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று கையை விடுவாய் பார், அதுதான் என் கவலை.

இனி பாம்பின் பக்கத்திலிருந்து. அரிசோனாவில் டைமண்ட்பேக் விரியன்களின் உடலில் சிறு ரேடியோக் கருவி வைத்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவை தமக்கென்று ஒரு வட்டாரம் வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் பழக்கப்பட்ட பாறைப் பொந்துக்கே திரும்புகின்றன. தொலைவில் கொண்டுபோய் விடப்பட்டவை வழி தெரியாமல் அலைகின்றன. அவற்றில் பல இறந்தும் போகின்றன. முட்டையிடாமல் குட்டி போடும் இனம் இது. அங்குள்ள அரிசோனா பிளாக் என்ற வகையில், குட்டிகள் முதல் தோலை உரிக்கும் வரை தாய் உடனிருந்து காப்பதைக் கண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு வாழ்க்கை உள்ளதை நாலடித் தொட்டியில் வைத்தால் அது சாகாமல் இருக்கும் என்பது வேறு, வாழும் என்பது வேறு. வளர்ப்பிடத்தில் பிறந்த குட்டியை உரிய இடத்தில் வாங்கினால் இந்தப் பழி இல்லையே என்று நீ கேட்கலாம். அதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். நீ கேட்பது சுவரோரத்துப் பாம்பை அல்லவா?

உனக்கு நினைவிருக்கும், சிறுமியாக இருந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய், அங்கே இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நஞ்சு எடுப்பதைப் பார்த்தாய். 1978இல் தொடங்கிய சங்கம் அது. தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த மக்கள், அந்தத் தொழில் தடை செய்யப்பட்ட பிறகு, நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். பாம்பைப் பிறந்த நாளிலிருந்து அறிந்த அவர்களே, வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, நாலைந்து தடவைக்கு மேல் போகாமல் நஞ்சு எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வீட்டில் எவரும் நல்ல பாம்பைச் செல்லப் பிராணியாக வைத்திருந்து நான் பார்த்ததில்லை. கடி வார்டில் நான் கையில் எடுத்த குப்பிகளில் இருந்த மருந்து அப்படிப் பிடித்து விடப்பட்ட பாம்புகளால் வந்தது. அந்த நன்றி எனக்கு உண்டு.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டுப் போனார்கள் என்று உனக்குப் பேப்பரிலிருந்து படித்துக் காட்டியது நான்தான். சில வாரங்களிலேயே இருபதுக்கும் மேற்பட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஆனால் ஆசியாவின் மலைப்பாம்பு ஃபுளோரிடாச் சதுப்பு நிலத்துக்கு எப்படிப் போனது? செல்லப் பிராணியாக விற்கப்பட்டு, வளர்க்க முடியாமல் விடப்பட்டும் தப்பியும் போனவற்றின் வழியில் பெருகியது. அங்குள்ள முயலும் ரக்கூனும் அநேகமாகக் காணாமலே போய்விட்டன. வளர்த்தவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர்; உன்னைப்போலப் பிரியப்பட்டு வாங்கியவர்கள்தான். உன் விரியன் அந்த மண்ணுக்கே உரியது, அதனால் இந்தக் கேடு வராது என்பதை அறிவேன். பிரியத்தின் பேரில் தொடங்கி, இருபது ஆண்டுப் பொறுப்பில் முடியாமல் போன கதை என்ற அளவில்தான் சொல்கிறேன்.

அதற்காக அதைக் கொல்லவோ யாரையாவது கூப்பிட்டு ஐம்பது மைல் தள்ளி விடவோ சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். சுவரோரம் எலி இருப்பதால்தான் அது வருகிறது. பறவைக்குப் போடும் தானியத்தை நிறுத்தினாலே எலி குறையும். கோடை இரவில் கொல்லைப்புறம் போகும்போது டார்ச்சும் மூடிய காலணியும் வேண்டும். ஒருவேளை கடித்துவிட்டால் அறுக்காதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, ஐஸ் வைக்காதே; மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு உடனே 911ஐ அழை. தொட்டிக்கும் வெப்ப விளக்குக்கும் ஒதுக்கிய பணத்தில் தொலைவிலிருந்து படமெடுக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். அந்த ஒரே பாம்பு ஓராண்டில் என்று வருகிறது, என்று காணாமல் போகிறது, எத்தனை வளையம் கூடியது என்று நாள்குறிப்பு எழுது. அது எனக்கும் படிக்க வேண்டும். மார்ச்சில் நான் வரும்போது டூசானிலுள்ள அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போ, உன் ஊர் விரியன்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பார்க்கிறேன்.

உன் பதிலில், கராஜ் கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை மட்டும் அளந்து எழுது. அதை அடைக்க ரப்பர் பட்டை எந்த அளவில் வாங்க வேண்டும் என்று அப்பா சொல்வார். பாம்பு விஷயத்தில் ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டவர், கதவு விஷயத்தில் இரண்டு பக்கம் எழுதத் தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா