தோலுக்கு மட்டும் அளவு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எடை குறைந்த பிறகு தொங்கும் தோலை எடுக்க இன்ஷூரன்ஸில் பணம் தர மறுப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

அவிநாசிப் பக்கம் கிராமம். தினமும் பஸ் ஏறித் திருப்பூர் போய் ஒரு பவர் டேபிள் தையல் கூடத்தில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். வயது 46. இ.எஸ்.ஐ. கிடையாது, மகன் வேலைக்குப் போன புதிதில் எடுத்த குடும்பப் பாலிசிதான் எங்கள் நாலு பேருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் என் எடை 104 கிலோ. உயரமோ 154 செ.மீ.தான். சர்க்கரை மாத்திரைக்கு அடங்காமல் ஊசிக்கு வந்து நின்றதும், கோயம்புத்தூரில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். இன்ஷூரன்ஸில் ஒரு பேச்சு இல்லாமல் பணம் கட்டினார்கள். பாலிசிப் புத்தகத்திலேயே கணக்கு இருக்கிறது: உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. 40 இருந்தால் உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரை, இருதய நோய் மாதிரி பெரிய தொந்தரவு இருந்தால் 35-க்கும் உண்டு. எனக்கு 43-ஐத் தாண்டியிருந்தது. பெருக்கி வகுத்துப் பார்த்தார்கள், கொடுத்துவிட்டார்கள்.

இப்போது 62 கிலோ. ஊசியும் நின்றுவிட்டது. ஆனால் 42 கிலோ கரைந்த உடம்பில் தோல் கரையவில்லை. அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடை வரைக்கும் தொங்குகிறது. உள்பாவாடை நாடாவை மடிப்புக்கு மேலே கட்டினால் நழுவுகிறது, கீழே கட்டினால் அறுக்கிறது. ஒண்ணரை ஷிப்ட் உட்கார்ந்தால் மடிப்புக்குள் வேர்வை நின்று, சிவந்து, தோல் உரிந்து நீர் வடியும். சித்திரை, வைகாசியில் நாற்றம் எனக்கே தாங்காது. பக்கத்து மெஷின்காரியிடம் என்னத்தைச் சொல்வது? கட்டிங் வேஸ்டில் மெத்தென்ற துணியாகப் பொறுக்கி வந்து, நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு துணி. பூஞ்சைக்கான களிம்பு, பவுடர், மாத்திரை என்று எட்டு மாதம் தோல் டாக்டரிடம் நடந்தேன். ஆறும், பத்து நாளில் திரும்ப வரும். இரண்டு தடவை சீழ் வைத்துக் காய்ச்சலோடு படுத்தேன்.

இந்தத் தோலை எடுக்கவும் கேட்டவுடன் கத்தியை எடுத்துவிட மாட்டார்கள். பிளாஸ்டிக் சர்ஜன் முதல் நாள் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். எடை ஆறு மாதமாவது ஏறி இறங்காமல் நிற்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகை கூடாது, ரத்தம் ஊற வேண்டும் என்றார். இரைப்பை ஆபரேஷன் செய்தவர்களுக்கு இரும்புச் சத்து குறைவது சகஜமாம். எனக்கு ஹீமோகுளோபின் 9.2. புரதமும் போதாது, வெட்டினால் காயம் ஆறாது என்று சொல்லிவிட்டார். இரும்பு ஊசி போட்டு, முட்டையும் கொள்ளுமாகத் தின்று அதை 11.8-க்குக் கொண்டுவர ஐந்து மாதம் ஆனது. அப்புறம்தான் சரி என்றார்.

செலவு ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று சீட்டு கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினோம். ‘அழகுக்கான சிகிச்சை, விலக்கு எண் 08’ என்று இரண்டே வரியில் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்கில் இருந்த தம்பி, “அக்கா, வயித்த அழகாக்குற டம்மி டக்குக்கு யாரும் தர மாட்டாங்க, விட்டுருங்க” என்றான். வீட்டில் அத்தை, “இந்த வயசுல வயித்த வெட்டி அழகு பாக்கோணுமா, அம்மிணி?” என்றார். அவருக்குத் தெரியாது, சரி. கம்பெனிக்குமா தெரியாது?

அந்த 08-ஐ மகனை விட்டு முழுசாகப் படிக்கச் சொன்னேன். 2019-இல், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்த வாசகம் அது. அழகுக்கான சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பது முன்பாதி. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால் உண்டு. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கத் தேவை என்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் சான்று கொடுத்தாலும் உண்டு என்பது பின்பாதி. எனக்கு வந்த கடிதத்தில் பின்பாதியைக் காணோம்.

தப்பு எங்கள் பக்கமும் இருந்தது. டாக்டர் சீட்டில் ‘டம்மி டக்’ என்றே எழுதியிருந்தார்கள். அது வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளை இடம் மாற்றி வைக்கும் வேலை. எனக்குச் சொன்னது தொங்கும் தோலையும் கொழுப்பையும் மட்டும் அறுத்தெடுக்கும் பன்னிகுலெக்டமி. வாய்ப்பேச்சில் எல்லோரும் டம்மி டக் என்கிறார்கள், சீட்டிலும் அதுவே ஏறிவிட்டது. திரும்பப் போய்ச் சரியான பெயர், எட்டு மாத மருந்துச் சீட்டு, சீழ் வைத்தபோது எடுத்த போட்டோ, டாக்டர் சான்று எல்லாம் வைத்து மறுபடி அனுப்பினேன். என் மாதிரி இருப்பவர்கள் களிம்பு வாங்கிய பில்லைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

இந்தத் தடவை, புண் இருப்பது நிஜம், ஆனால் ‘உடனடி ஆபத்து’ இல்லை என்று பதில் வந்திருக்கிறது. உடனடி என்றால் எத்தனை நாள்? எத்தனை தடவை சீழ் வைக்க வேண்டும்? எங்கேயும் எழுதவில்லை. உடம்பு பெருத்தபோது 40, 35 என்று அளவு போட்டு வைத்த அதே புத்தகத்தில், இளைத்த பிறகு மிஞ்சும் தோலுக்கு ஒரு அளவும் இல்லை. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் தோல் எதுவரை தொங்க வேண்டும், எத்தனை மாத மருந்துக்கும் புண் ஆறாமல் இருக்க வேண்டும், எடை எத்தனை மாதம் நிலையாக நிற்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கின்றனவாம், சர்ஜன் சொன்னார். அதேபோல ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் எழுதி வைக்கட்டும். அந்த அளவுக்கு நான் தேறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு சீட்டுக் கட்டிச் செய்துகொள்கிறேன்.

இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. கம்பெனிக்கு முதலில் புகார் எழுதி, மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ போகலாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

இதைப் பிரசுரிப்பதானால் என் பெயர் வேண்டாம். இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை அழகுக் குறிப்புப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.