விட்டதைப் பிடிக்கிற கணக்கு

அன்புள்ள பிரபு,

போனில் பணம் கட்டி ஆடுகிற ஆப்பில் விட்டதை எடுக்க நாற்பதாயிரம் கேட்டு நீ அனுப்பியதைப் பார்த்தேன். "விட்டதை எடுத்துட்டா மொத்தமா நிறுத்திடுறேன்பா" என்று எழுதியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, இந்தப் பேச்சைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டவன் நான்.

கிண்டி குதிரை ரேஸில், பந்தயப் பணம் வாங்குகிற டோட் கவுன்ட்டரில் நான் இருந்தபோது, முதல் ரேஸுக்கு வருகிறவர்கள் நிதானமாகத்தான் வருவார்கள். கையில் ரேஸ் புத்தகம், காதில் பென்சில். ஜாக்கி யார், எடை எவ்வளவு, போன தடவை எப்படி ஓடியது என்று பார்த்து, ஃபேவரிட் மேல், அதாவது ஜெயிக்கும் என்று நிறையப் பேர் நம்புகிற குதிரை மேல், அளவாகக் கட்டுவார்கள். கடைசி ரேஸுக்கு அதே ஆள் வரும்போது புத்தகம் சட்டைப்பையில் சுருண்டு கிடக்கும். "எது சார் அதிகமா குடுக்குது?" குதிரையின் பெயரைக்கூடக் கேட்க மாட்டார். எண்ணூறு போயிருக்கும், கையில் நூறு மிச்சம். ஃபேவரிட் வந்தால் அது இருநூறாகும், அவ்வளவுதான். எண்ணூறும் ஒரே ஓட்டத்தில் திரும்ப வேண்டுமென்றால் யாரும் சீந்தாத குதிரையைத்தான் பிடிக்க வேண்டும். அதை ஏன் யாரும் சீந்தவில்லை என்பது மத்தியானம் அவருக்கே தெரிந்திருந்தது. முட்டாள்கள் இல்லை, பேங்க்கில் வேலை பார்த்தவர்கள்கூட உண்டு.

மனோதத்துவம் படிக்கிற உன் அத்தை மகளிடம் இதைச் சொன்னேன். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்று இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1979-லேயே எழுதியிருக்கிறார்களாம்: பொழுது போகப் போக, ஜெயிக்க வாய்ப்பில்லாத குதிரைகள் மேல் கட்டுவது கூடும் என்று. போனதைப் போனதாக மனசு ஒப்புக்கொள்ளாதவரை, மற்ற நாளில் தொடவே தொடாத பந்தயத்தையும் அது தொடுமாம். (அப்பா சொன்னால் கேட்க மாட்டாய், அவர்கள் சொன்னாலாவது கேள்.) வீட்டுக்குக் கிளம்பினால்தான் நஷ்டம், கவுன்ட்டரில் நிற்கிறவரை எதுவும் முடியவில்லை என்று நினைப்பு.

இன்னொன்று. ஒவ்வொரு ரேஸிலும் வரியும் கிளப் பங்கும் கழித்த மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரிப்போம். ஆக, சாயங்காலம் ஆனால், ஆடினவர்கள் எல்லார் கையிலும் சேர்த்து இருக்கிற பணமே குறைந்துபோயிருக்கும். உன் ஆப்பும் சும்மா நடக்கவில்லை. நீ எடுக்க நினைக்கிற பணம் அங்கே உனக்காகக் காத்துக்கொண்டில்லை. ரேஸிலாவது கடைசி ரேஸ் என்று ஒன்று இருந்தது, அதற்குமேல் கேட்டைச் சாத்திவிடுவோம். உன் போனில் அது கிடையாது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடை போட்டபோது, நீ தப்பித்தாய் என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வெளிநாட்டு ஆப்புக்கு மாறியிருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அங்கே ஜெயித்தாலும் பணம் வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பாய்?

14416-க்குப் பேசு. டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். டாக்டர்கள் இதை வியாதி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று லோன் ஆப் உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வை. ஆட்டத்தில் விட்டது எவ்வளவு என்பதை மட்டும் அதில் எழுதாதே. அசலை நானே நேரில் கட்டுகிறேன். உன் கையில் தர மாட்டேன். ஏ.டி.எம். கார்டையும் எடுத்து வை, கொஞ்ச மாதம் அம்மாவிடம் இருக்கட்டும்.

அப்பா