வாய் கட்டிய பெண் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலைஞர்களைப் போற்றும் பரோக் கால (பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய) உருவகச் சித்திரங்கள், அதாவது கலை, புகழ் போன்ற கருத்துகளை மனித உருவில் காட்டும் சித்திரங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அதில் வந்த சித்திரத்தில் வாயில் துணி கட்டிய பெண்ணை 'ஒடுக்கப்பட்ட கலைஞர்' என்று எழுதியிருப்பது தவறு. அவள் பெண்ணுருவில் காட்டப்பட்ட ஓவியக்கலையேதான்.

கருத்துகளை எந்த உருவில், எந்த அடையாளங்களோடு காட்டுவது என்று சொல்லும் செசாரே ரீப்பாவின் 'இக்கோனோலோஜியா' என்ற நூல் 1593இல் ரோமில் வெளியானது. 1603 பதிப்பில் படங்களும் சேர்ந்தன. ஓவியர்களுக்கு அது அகராதி மாதிரி. ஓவியக்கலையை எப்படி வரைவது என்று அதில் விவரமாகவே இருக்கிறது: கலைந்து சுருண்ட கருங்கூந்தல், கட்டிய வாய், கழுத்தில் பொன் சங்கிலி, அதில் தொங்கும் முகமூடி. முகமூடியின் நெற்றியில் 'போலச் செய்தல்' எனப் பொருள்படும் லத்தீன் சொல். ஓவியருக்கு மௌனமும் தனிமையும் உகந்தவை என்பதால்தான் அந்த வாய்க்கட்டு. ஆடை பாதம்வரை மறைப்பதற்கும் காரணம் உண்டு. ஓவியத்துக்கு அடித்தளமான அளவும் பொருத்தமும் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்க வேண்டுமாம். எவ்வளவு அழகான எண்ணம்!

எல்லா அடையாளமும் எல்லாப் படத்திலும் இருக்காது. இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி 1638-39 வாக்கில் தன்னையே ஓவியக்கலையாகத் தீட்டியபோது சங்கிலியையும் முகமூடியையும் வைத்துக்கொண்டார், வாய்க்கட்டை விட்டுவிட்டார். ஆகவே ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. பாம்பும் அப்படித்தான்: தன் வாலைத் தானே கவ்வினால் நித்தியம், கிழவியின் தலையில் நெளிந்தால் பொறாமை. எக்காளம் ஊதும் சிறகுள்ள பெண் தேவதூதர் அல்ல, புகழ்.

இன்னொன்று. சித்திரத்தில் புகழாக வரும் பெண்ணின் நெற்றியிலும் தோளிலும் உள்ள கறுப்பைத் 'துயரத்தின் நிழல்' என்கிறது கட்டுரை. பழுப்பு மையால் வரைந்த சித்திரங்களில் ஒளிபடும் மேடுகளுக்கு ஈயவெள்ளை என்ற, ஈயத்திலிருந்து செய்த வெள்ளை வண்ணத்தைப் பூசுவார்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு அது ஈய சல்பைடாக மாறினால் கறுத்துப்போகும். ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்து மேடுகளிலேயே கருமை திட்டாக நின்றால், வெள்ளைதான் கறுத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஓவியக்கலையின் தூரிகை இடது கையில் இருப்பதற்கும் தனி அர்த்தம் தேட வேண்டியதில்லை. செப்புத்தகட்டில் அப்படியே செதுக்கி அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். அச்சுக்கென வரைந்தவர்கள் அதனாலேயே சிலசமயம் மாற்றி வரைந்தார்கள்.

அடுத்த இதழில் படக்குறிப்புகளைத் திருத்தி, சித்திரத்தின் அளவையும் என்னென்ன கொண்டு வரைந்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், தஞ்சாவூர்